பத்து நாள் காய வேண்டிய நீலம்

சக்கரவர்த்தி என்ற பெயரைச் சின்னக்குழந்தை முதன்முதலில் கேட்டது புளி உலுக்குகிற காலத்தில். அப்போது அவளுக்கு ஆறு வயது இருக்கும். காவலூரில் வாழ்க்கைப்பட்டிருந்த அத்தை சம்பூர்ணம் பொழுது ஏறுவதற்குள் நடந்தே வந்து சேர்ந்தாள். வந்தவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மரத்தடியில் கோணியை விரித்துக்கொண்டிருந்த அண்ணனிடம் நேராகப் போய் நின்றாள்.

"உம் மருமவன் சக்கரவர்த்தி செஞ்ச வேலையக் கேளுண்ணா. பக்கத்து வூட்டுக்காரன் சாமிக்கு நேந்து வுட்ட கிடாவோட கொம்புக்கு சில்வர் பெயிண்ட் பூசிட்டான். யாரோ இரும்பு கேட்டுக்குப் பூசி மிச்சம் வெச்சது. அந்தாளு வாசல்ல வந்து நின்னுகினு, சாமிக்கு இன்னா பதில் சொல்றதுன்னு கத்தறான்."

"இதுக்கா அழுவுற? பொங்கலுக்கு மாட்டுக்குப் பூசறோம். உம் புள்ள கொஞ்சம் முந்திக்கினான், அவ்ளோதான்."

"பூசினதோட வுட்டானா? காயறதுக்குள்ள செவுத்துல ஒரசிடும்னு அது கழுத்தக் கட்டிப் புடிச்சிக்கினு பொழுது சாயற வரைக்கும் நின்னான். சோத்துக்குக்கூட வரல."

புளி பொறுக்கிக்கொண்டிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். சின்னக்குழந்தைக்கு ஒன்றும் விளங்கவில்லை. "யாருப்பா சக்கரவர்த்தி?" என்று கேட்டுவிட்டாள். அவ்வளவுதான், சிரிப்பு இன்னும் பெரிதாகிவிட்டது. "உன் மாமன்டி. நாளைக்கு உன்னக் கட்டிக்கப் போறவன். உன் கொம்புக்கும் பூசுவான், தலையக் காட்டு" என்றாள் ஒருத்தி. சின்னக்குழந்தை ஓடிப்போய் மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அன்றிலிருந்து அந்தப் பெயர் தனக்குச் சேர வேண்டிய ஒரு பொருள் என்றே அவள் நினைத்திருந்தாள்.

நினைப்பில் தப்பும் இல்லை. அவர்கள் வாழ்கிற மலையில் அத்தை மகனுக்குத்தான் முதல் உரிமை. அவனை விட்டு வேறு இடத்தில் பெண்ணைக் கொடுப்பதென்றால், பெரியவர்கள் முன்னிலையில் அவனை உட்காரவைத்து, வெற்றிலை பாக்கை முன்னால் வைத்து, உனக்குத் தடை ஏதும் உண்டா என்று கேட்க வேண்டும். அவன் இல்லை என்று சொல்லி வெற்றிலையை எடுத்த பிறகுதான் பந்தக்கால் நடுவார்கள்.

சின்னக்குழந்தைக்குப் பதினெட்டு வயதானபோது அத்தை சம்பூர்ணம் உயிரோடு இல்லை. மகனுக்காகப் பேச வாயுள்ள ஆள் அந்த வீட்டில் யாரும் இல்லை. சக்கரவர்த்தி அப்போது திருப்பத்தூரில் ஒரு லாரி பாடி கட்டுகிற இடத்தில் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். வருடத்துக்கு ஒருமுறை திருவிழாவுக்கு வருவார், தேர் பார்ப்பார், போவார். இந்தச் சமயத்தில்தான் சின்னராசு வீட்டார் பெண் கேட்டு வந்தார்கள். நல்ல குடும்பம், சாமை விளைகிற நிலம், பத்துப் புளியமரம். சின்னராசுவின் அக்கா முத்தம்மாள் தானே வந்து பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, எங்கள் வீட்டுக்கு வந்துவிடு என்று சொல்லிவிட்டாள்.

சக்கரவர்த்திக்கு ஆள் அனுப்பினார்கள். முதல் பஸ்ஸில் வந்தார். இருபத்திரண்டு வயது. நகக்கண் எல்லாம் நீலப் பெயிண்ட். சமையல் கட்டுச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று சின்னக்குழந்தை கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உனக்குத் தடை எதாச்சும் கீதாப்பா?"

செம்பை எடுத்துத் தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "தடை ஒண்ணும் இல்லீங்க" என்ற குரல். வெற்றிலை எடுக்கிற சரசரப்பு. ஒரு வாய் சோறு சாப்பிடாமல் அதே பஸ் திரும்பும்போது அதிலேயே கிளம்பிப் போய்விட்டார். பிள்ளை பட்டினியாகப் போகிறானே என்று சின்னக்குழந்தையின் அம்மா அன்றைக்கு முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சின்னராசு நல்ல மனுஷன். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். குடி கிடையாது, கை நீட்டினது கிடையாது. மகன் அன்பரசன் பிறந்த வருடம் திருப்பத்தூரில் ஒரு பழைய ராஜ்தூத் மோட்டார் சைக்கிள் வாங்கி, மலைப்பாதையில் உருட்டியும் ஓட்டியும் கொண்டுவந்து சேர்த்தான். "இன்னா கலரு அடிக்கலாம்?" என்று மனைவியைக் கேட்டான். "நீலம்" என்றாள். ஏன் நீலம் என்று அவன் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அதற்குள் சக்கரவர்த்தி ஜமுனாமரத்தூரில் சந்தைக்குப் போகிற ரோட்டில் கடை போட்டிருந்தார். வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிக்கிற கடை. சின்னராசுவுக்கு அவர் அண்ணன் முறை. அதனால் உரசினாலும் கீறினாலும் அண்ணன் கடைக்குத்தான் வண்டி போகும். சந்தை நாளில் சின்னக்குழந்தை பின்னால் உட்கார்ந்து போவாள். கடை வாசலில் வண்டி நின்றால் இறங்கி ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்பாள்.

"சௌக்கியமா கொழந்தே?"

"சௌக்கியம் மாமா."

முப்பது வருடத்துக்கு மேல் இதே இரண்டு பேச்சு. ஒரு வார்த்தை கூடினதும் இல்லை, குறைந்ததும் இல்லை.

சக்கரவர்த்தி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "பொண்ணு வேணாம்னு ஒரு நாளும் சொன்னதில்ல. பாக்கலாம் பாக்கலாம்னு சொல்லிக்கினே இருந்தாரு, மயிரு நரைச்சிப்போச்சு" என்பாள் முத்தம்மாள். அவர் கையில் வாட்ச் கிடையாது, விரலில் மோதிரம் கிடையாது, இடுப்பில் பெல்ட் கிடையாது. சட்டைப் பித்தான்கூட வண்டியில் உரசும் என்று வேலை நேரத்தில் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொள்வார். கடைக்கு வருகிறவர்களையும் மோதிரத்தைக் கழற்றச் சொல்லுவார். பக்கத்துக் கடையில் என்ஜின் வேலை பார்க்கிற ரஞ்சித்குமார், வருகிற ஆட்களிடம் சொல்லுவான்: "கோயில்ல சாமியக்கூடத் தொட்டுக் கும்பிடலாம். எங்க அண்ணன் பூசின டேங்க்கத் தூர நின்னுதான் கும்பிடணும்."

மூன்று வருடத்துக்கு முன்னால் சாமை அறுப்பின்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்த சின்னராசு எழுந்திருக்கவில்லை. ராஜ்தூத் மாட்டுக் கொட்டகையில் சாய்ந்து கிடந்தது. சீட்டுப் பஞ்சில் கோழி முட்டையிட்டது. மட்கார்டு துருப்பிடித்துக் கையோடு வந்தது. திருப்பத்தூரில் மருந்துக் கடையில் வேலை பார்க்கிற அன்பரசன் இந்த மாசி மாதம் வந்தவன், "அப்பா வண்டிய நான் ஓட்டப்போறேம்மா" என்று சொல்லி, அதை ஒரு டெம்போவில் ஏற்றிச் சக்கரவர்த்தி கடையில் இறக்கிவிட்டு வந்தான்.

அன்று மதியம் அம்மா சோறு போடும்போதுதான் சொன்னான். "இதான் கடைசி வண்டின்னு பெரியப்பா சொன்னாரும்மா. இத முடிச்சிக் குடுத்துட்டு ஓசூர் போறாராம். அவுங்க அக்கா பொண்ணு பிரியதர்ஷினி வந்து கூட்டிக்கினு போவுதாம். அங்கயே இருந்துடுவாராம்."

முறைக்கு அன்பரசனுக்கு அவர் பெரியப்பாதான். அம்மாவின் அத்தை மகன் பிள்ளைக்குப் பெரியப்பா ஆவது எல்லா வீட்டிலும் உள்ளது. இருந்தாலும் அவன் வாயால் அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் சின்னக்குழந்தைக்கு ஒரு நிமிடம் மூச்சு நின்று வரும்.

"வண்டி எப்ப முடியும்?" என்று கேட்டாள்.

"பெயிண்ட் அடிக்கணும், காயணும், எல்லாத்தையும் திரும்பக் கோக்கணும். ஒரு மாசம் ஆவும்."

சோற்றுக் கரண்டியைப் பானைக்குள்ளேயே வைத்துவிட்டு அவள் வெளியே வந்து நின்றாள். முப்பத்தாறு வருடமாக அந்த மனிதர் இரண்டு மைல் தூரத்தில் இருக்கிறார் என்பதைத் தவிர அவள் வேறொன்றும் கேட்டதில்லை. சந்தைக்குப் போனால் கடை திறந்திருக்கும், உள்ளே தகரத்தில் உப்புத்தாள் தேய்க்கிற சத்தம் கேட்கும். அதுவும் இல்லாமல் போனால் அந்த ரோட்டில் எதற்காக நடப்பது? வண்டி முடிந்தால் அவர் போய்விடுவார். முடியாமல் இருந்தால் இருப்பார். அவ்வளவு சின்னக் கணக்கு அது.

பெயிண்ட் அடித்த மூன்றாம் நாள் அன்பரசன் போன் செய்தான். "பெரியப்பா வண்டிக்குச் சுத்தறதுக்குப் பழைய சேலை கேக்குறாரும்மா. நூல் சேலையா வேணுமாம். ஜரிகை இருக்கக் கூடாதாம், அது கீறிடுமாம்." பெட்டியைத் திறந்து ஏழு சேலை எடுத்தாள். நாத்தனார் முத்தம்மாளும், "எந் தம்பி வண்டிய நானும் பாக்கறேன்" என்று கிளம்பிவிட்டாள்.

கடையின் பின் அறையில் தரையெல்லாம் தண்ணீர் தெளித்திருந்தது. தூசு எழும்பக் கூடாது என்பதற்காக. கம்பியில் கொக்கி போட்டு மட்கார்டு, சைடு பாக்ஸ், ஹெட்லைட் மூடி எல்லாம் கறிக்கடையில் தொங்குகிற மாதிரி தொங்கின. நடுவில் ஒரு மணையின் மேல் டேங்க். காலையில் பனி விலகினதும் தெரியுமே, அந்த ஆகாசத்தின் நீலம்.

சக்கரவர்த்தி சேலைகளை வாங்கி ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்து, முந்தியில் குஞ்சம் இருந்தால் கிழித்து எடுத்தார். முன்பக்கம் யாரோ கூப்பிட்டார்கள், போனார். சின்னக்குழந்தையும் தண்ணீர் குடிக்க வெளியே வந்தாள். உள்ளே முத்தம்மாள் தனியாக இருந்தாள். அது போதாதா? இடுப்பில் இருந்த சுருக்குப் பையை அவிழ்த்தாள். மஞ்சளைக் குழைத்து டேங்க்கின் நெற்றியில் மூன்று விரலால் இழுத்தாள், நடுவில் குங்குமம் அப்பினாள், எலுமிச்சம்பழத்தை நசுக்கி இரண்டு பக்கமும் சாறு பிழிந்தாள், கும்பிட்டாள்.

சக்கரவர்த்தி திரும்பி வந்தவர் நின்ற இடத்திலேயே நின்றார்.

"இன்னாக்கா பண்ணீங்க?"

"இன்னா பண்ணேன்? மஞ்சக் குங்குமம் வெச்சேன். கெட்டதா வெச்சேன்?"

"மூணு நாள் பெயிண்டுக்கா. மேல காஞ்சாப்புல கீது, உள்ள பச்சையா கீது. பத்து நாளைக்கு ஒரு ஈகூட ஒக்காரக் கூடாது."

"எங்க வூட்டுல வண்டி வந்தா வந்த அன்னிக்கே வெப்போம். அதெல்லாம் என்ன கெட்டா போச்சு?"

"அது கம்பெனில சூட்டுல வெச்சு எடுத்தது. இது நான் வெயில்ல காய வெக்கிறது."

ஈரத் துணியால் ஒற்றி எடுத்தார். மஞ்சள் போயிற்று. குங்குமம் போன இடத்தில் காயம் ஆறின தோல் மாதிரி ஒரு ஊதாத் திட்டு நின்றது. முத்தம்மாளின் மூன்று விரல் ரேகையும் நீலத்தில் அப்படியே பதிந்திருந்தது. அவர் திட்டவில்லை. ஒரு கவிழ்த்த டப்பாவின் மேல் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மறுபடி தேச்சு எடுத்து ஒரு கை அடிக்கணும். அப்பால பத்து நாள் காயணும்" என்றார். "டேங்க்க வுட்டுட்டு மத்ததக் காயக் காயக் கோத்துக்கினு இருக்க வேண்டியதுதான்."

வீடு திரும்பும் வழியெல்லாம் முத்தம்மாள் அழுதுகொண்டு வந்தாள். "செத்தவன் வண்டியக் கெடுத்துட்டேனேடி. சாமி கும்புடறதுக்குக்கூடவா நாள் பாக்கணும்?" சின்னக்குழந்தை அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். ஆனால் தடவிக் கொடுத்தவள் மனதுக்குள் ஒரு சந்தோஷம் புகுந்து உட்கார்ந்திருந்தது. நாத்தனார் அழுகிறாள், தான் உள்ளுக்குள் சிரிக்கிறோம் என்று தெரிந்தபோது அவளுக்கே கூச்சமாக இருந்தது. இன்னும் பத்து நாள் கூடுதலாகக் கிடைத்திருக்கிறது.

அந்தப் பத்து நாளை அவள் வீணாக்கவில்லை. கோக்கிற வேலைக்குப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். அன்பரசன் ஞாயிற்றுக்கிழமைதான் வருவான். ரஞ்சித்குமாருக்குத் தன் கடையிலேயே கூட்டம். முத்தம்மாள் செய்த தப்புக்குப் பரிகாரமாகச் சோறு கொண்டுபோவதாக வீட்டில் சொல்லிவிட்டுப் போனவள், "இன்னா புடிக்கணும், சொல்லுங்க" என்று நின்றாள். அவர் அவள் கையைப் பார்த்தார். சின்னராசு போன அன்றே வளையல் போயிற்று. மோதிரம் எப்போதும் இருந்ததில்லை.

"கழட்டச் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல" என்றார்.

"உங்க கையிலயும் ஒண்ணும் இல்லியே" என்றாள்.

முன்னாலேயே பெயிண்ட் காய்ந்திருந்த வண்டியின் எலும்புக் கூட்டை, சேசிஸ் என்கிறார்களே அதை, அவர் குழந்தைக்குத் துணி சுற்றுகிற மாதிரி சேலையால் குழாய் குழாயாகச் சுற்றினார். மேலே சைக்கிள் டியூப்பை வார் வாராகக் கிழித்து இறுக்கிக் கட்டினார். ஸ்பேனர் நழுவினாலும் துணிமேல்தான் விழ வேண்டும். என்ஜினைத் தூக்கி உள்ளே வைக்கப்போகிறார் என்று அவள் நினைத்தாள். அவரோ என்ஜினைக் கோணியின் மேல் பக்கவாட்டில் படுக்கப்போட்டார்.

"கனமானதத் தூக்கினா எங்கனாச்சும் இடிக்கும். அது கம்முனு படுத்துக் கெடக்கட்டும். லேசானதத் தூக்கி அது மேல எறக்கணும். நீ அந்தப் பக்கம் புடி. மெதுவா. மூச்சு வுடற மாதிரி எறக்கு."

இறக்கினார்கள். ஓட்டைக்கு ஓட்டை சரியாக வந்து உட்கார்ந்தது. ஒரு கீறல் இல்லை. அவர் குனிந்தபடியே ஒரு குழாயைத் தடவினார். அதைச் சுற்றியிருந்தது மஞ்சளில் பச்சைக் கட்டம் போட்ட சேலை.

"இது அன்பரசன் பொறந்த வருசம் நீ சந்தைக்குக் கட்டிக்கினு வந்தது. வண்டி புதுசா வந்த வருசம்" என்றார். "அந்த செவப்பு, அதுக்கப்புறம் ரெண்டு வருசம் கழிச்சி."

சின்னக்குழந்தை குனிந்து அந்தக் கட்டத்தைத் தொட்டுப் பார்த்தாள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றவளை அவர் நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தாள்.

நான்காம் நாள் அவர் ஒரு ஸ்பேனரை அவளிடம் நீட்டினார். "இது பத்தா பன்னெண்டா, பாத்துச் சொல்லு." எண் கட்டைவிரல் நகம் அளவுக்கு இருந்தது. அதிகம் படிக்காத அவளுக்கே தெரிந்தது. "பன்னெண்டு" என்று சொல்லிவிட்டு அவர் கையைக் கவனித்தாள். போல்ட் நுழைகிற ஓட்டையை அவர் கண்ணால் தேடவில்லை. சுண்டுவிரலை விட்டுப் பார்த்து, மரையில் அடைத்திருக்கிற பெயிண்டை நகத்தால் உணர்ந்து, சுரண்டி, பிறகு போல்ட்டை வைத்தார்.

"கண்ணு தெரியலியா மாமா?"

"வெளிச்சம் தெரியுது. ஓரம்தான் தெரியல."

"எத்தினி நாளா?"

"ரெண்டு வருசம் ஆவுது. கைக்கு வேல தெரியுது, அதுல ஓட்டிக்கினு இருந்தேன். டாக்டர் பொற விழுந்திருக்குன்றாரு. இன்னொண்ணும் கீது, அதப் பாத்துத்தான் சொல்ல முடியும்ன்றாரு. அதான் அந்தப் பொண்ணு வந்து வம்பு புடிச்சிக் கூப்புடுது."

அவள் அடுத்த போல்ட்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். மறுநாள் முன் சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க் ஏற்ற வேண்டியிருந்தது. அவள் சேசிஸின் முன்பக்கத்தைத் தூக்கிப் பிடித்திருந்தாள். அவர் கீழே படுத்து மரை இறுக்கிக்கொண்டிருந்தார். அவள் விட்டால் அவர் மேல் விழும். அவர் விட்டால் ஃபோர்க் உருவிக்கொண்டு கீழே விழுந்து பெயிண்ட் போகும். இரண்டு பேருமே அந்த இடத்தை விட்டு நகர முடியாது. அப்போதுதான் கேட்டாள்.

"அன்னிக்கு ஏன் தடை இல்லன்னு சொன்னீங்க?"

ஸ்பேனர் நின்றது. மறுபடி சுற்றியது.

"தடை கீதான்னுதான கேட்டாங்க? எனக்கு இன்னா தடை? அவுரு நல்லவரு, நிலம் கீது. வேணுமான்னு யாரும் கேக்கல."

"நீங்களா சொல்லியிருக்கலாமே."

"கடை போட்டுட்டு வந்து கேக்கலாம்னு இருந்தேன். ரெண்டு வருசம்னு கணக்கு. லாரிக்குப் பூசறவன் கைல ஒரு சட்டிகூடச் சொந்தமா இல்ல, எதக் காட்டிப் பொண்ணு கேக்கறது? அதுக்குள்ள அவுங்க வந்துட்டாங்க."

"சட்டியா கேட்டேன் நான்?"

"இப்பிடி லேசாத் திருப்பு. போதும், போதும்" என்று மட்டும் கீழே இருந்து குரல் வந்தது.

மட்கார்டு ஏறியது. சைடு பாக்ஸ் ஏறியது. ஒவ்வொரு போல்ட்டுக்கும் அடியில் பழைய டியூப்பில் வட்டமாக வெட்டின ரப்பர், அதற்கு மேல்தான் இரும்பு வாஷர். இரும்பு நேராகப் பெயிண்டில் பட்டால் முறுக்கும்போது வட்டமாக உரிந்துவிடும் என்றார். ஏறினது ஒவ்வொன்றுக்கும் சேலையைச் சுற்றி வைத்தார். சின்னக்குழந்தை ஒவ்வொரு நாளும் போகும்போது தரையில் மீதி இருக்கிற சாமான்களை எண்ணினாள். முதல் நாள் ஒரு பாய் நிறைய இருந்தது. கடைசியில் டேங்க் மட்டும் இருந்தது.

சனிக்கிழமை அதையும் ஏற்றிவிட்டார். சேலையெல்லாம் அவிழ்த்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அன்பரசன் வண்டி எடுக்க வருகிறான், பிரியதர்ஷினி காரில் வருகிறாள் என்று ஏற்பாடு. மதியம் சோற்றைக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டியவள் கிளம்பவில்லை. சக்கரவர்த்தி கை கழுவப் பின்பக்கம் பம்புக்குப் போனார்.

அவள் மடியில் ஒரு காகிதப் பொட்டலம் இருந்தது. காலையில் முத்தம்மாளின் சாமி மாடத்திலிருந்து எடுத்தது. மூன்று வருடமாக அவள் குங்குமத்தைத் தொட்டதில்லை. தொடக் கூடாது என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, எல்லாருக்கும் தெரிந்ததுதான். உள்ளங்கையில் தண்ணீர் விட்டுக் குழைத்தாள். நீல டேங்க்கின் நெற்றியில், முத்தம்மாள் வைத்த அதே இடத்தில், அழுத்தி வைத்தாள். கெட்டுப்போகட்டும். இன்னும் ஒரு பத்து நாள். மனதில் அதைத் தவிர வேறெதுவும் இல்லை.

அவர் கையை உதறிக்கொண்டு வந்தார். கிட்டே வரும்வரை அவருக்குத் தெரியவில்லை. பிறகு மூக்கு டேங்க்கில் படுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தார்.

"அக்கா வந்தாங்களா?"

"இல்ல. நாந்தான்."

நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். வெறும் நெற்றி. சிவந்த விரல். அவருக்குப் புரியாமல் இல்லை. கீழே கிடந்த சேலைத் துண்டை எடுத்து நனைத்துப் பிழிந்து, ஒரே இழுப்பில் துடைத்தார். சுத்தமான நீலம். ஒரு திட்டு இல்லை, ஒரு நிழல்கூட இல்லை.

"இனிமே புடிக்காது கொழந்தே. பன்னெண்டு நாள் ஆயிடுச்சி."

அவள் துடைத்த இடத்தையே பார்த்தாள். பிறகு, இத்தனை வருடம் வாயில் வராதது வந்துவிட்டது.

"போவாதீங்க மாமா."

"இப்பத்தான் கேக்குற?"

"நீங்க எப்ப கேட்டீங்க?"

சக்கரவர்த்தி சிரித்தார். கடை அதிர்கிற மாதிரி, கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி. அவர் சிரிப்பு எப்படி இருக்கும் என்றே அவளுக்கு அதுவரை தெரியாது. பக்கத்துக் கடையிலிருந்து ரஞ்சித்குமார் தலையை நீட்டினான்.

"இன்னாண்ணா ஆச்சு?"

"ஒண்ணும் இல்லடா. எங்க மாமன் பொண்ணு ஒரு கேள்வி கேட்டுச்சி. எங்கிட்ட பதிலு இல்ல."

ரஞ்சித்குமார் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான்.

சிரிப்பு அடங்கினதும் அவர் டப்பாவின் மேல் உட்கார்ந்தார். "இருந்தா இன்னா ஆவும்னு யோசிச்சிப் பாத்தேன், பாக்காம இல்ல. நாளைக்கு எவன் வண்டியோ வரும், கீறிப்புடுவேன். கீறினது எனக்கே தெரியாது. அவன் வந்து காட்டுவான். அத மட்டும் தாங்க மாட்டேன். உனக்கும் வயசாவுது. குருட்டு மாமனுக்கு சோறு தூக்கிக்கினு ரெண்டு மைலு நடப்பியா?"

"நடப்பேன்."

"நடப்ப. அதுக்குத்தான் பயப்படறேன்." துணியை நான்காக மடித்தார். "கண்ணப் பாத்துக்கறேன். தெரிஞ்சா வர்றேன்."

"தெரியலன்னா?"

அவர் மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தார். வெயில் தாழும்வரை இரண்டு பேரும் வண்டிக்கு ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். அவர் பிள்ளைப் பிராயத்தில் அம்மா சம்பூர்ணம் தன்னைக் கிடாவோடு சேர்த்துக் கட்டிப்போட்ட கதையைச் சொன்னார். அவள் புளிய மரத்துக்குப் பின்னால் ஒளிந்ததைச் சொன்னாள். அவருக்கு அது தெரியாது.

மறுநாள் காலையில் அன்பரசன் உதைத்த நாலாவது உதையில் வண்டி பிடித்துக்கொண்டது. புகை கடைக்குள் நிறைந்தது. முத்தம்மாள் ஒரு கையில் சூடத் தட்டும் இன்னொரு கையில் குங்குமமுமாக வாசலிலேயே தயங்கி நின்றாள்.

"இப்ப வெக்கலாமா தம்பி? இல்ல, இன்னும் எதுனா சட்டம் கீதா?"

"வெய்யிங்கக்கா. எத்தினி வேணா வெய்யிங்க."

கார் வந்தது. பிரியதர்ஷினி எல்லாரையும் முறை சொல்லிக் கூப்பிட்டாள், சின்னக்குழந்தையின் காலைத் தொட்டாள். சக்கரவர்த்தி ஒரே ஒரு பையோடு முன் சீட்டில் ஏறினார். சௌக்கியமா என்று கேட்கவில்லை. கண்ணாடியை இறக்கி, அவள் நிற்கிற திசையைத் தேடி, கையைத் தூக்கினார். அவள் இந்த முறை ரோட்டுக்கு இந்தப் பக்கம், கார்க் கதவை ஒட்டியே நின்றிருந்தாள்.

கடையில் இப்போது ரஞ்சித்குமார்தான் பெயிண்ட் வேலையும் சேர்த்துப் பார்க்கிறான். பெங்களூரிலிருந்துகூடப் பழைய வண்டிகள் வருகின்றன. சந்தைக்குப் போகிறபோது சின்னக்குழந்தை அங்கே நிற்பாள். அவன் போனை எடுத்து ஓசூருக்குப் போட்டுக் கொடுப்பான். அவள் பேசி முடிக்கிறவரை கம்ப்ரசரை நிறுத்திவைப்பான்.

சக்கரவர்த்தி ஓசூரில், பிரியதர்ஷினியின் வீட்டில் இருக்கிறார். வலது கண் ஆபரேஷன் முடிந்துவிட்டது. இடது கண்ணுக்கு டாக்டர் இன்னும் நாள் சொல்லவில்லை.